கரி இன்ஜின்களின் கடைசிக் காலம்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் பயணி ரயில் இழுத்த நீராவி இன்ஜின்களின் பராமரிப்பு பற்றி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து நம் தமிழர்கள் கேட்டவை. பழைய இன்ஜின்களைப் பாதுகாக்கும் குழுவில் வார இறுதிகளில் பாய்லர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி: கிம்பர்லி–டி ஆர் பாதையில் கடைசியாக ஓடியவை எந்த இன்ஜின்கள் அண்ணா?

25 என்.சி. வகை. நீராவியை மறுபடி தண்ணீராக்காத சாதாரண வகை என்பதுதான் ‘என்.சி.’. 1953 முதல் வந்தவை. கிம்பர்லி, டி ஆர் என்ற இரண்டு ஊர்களுக்கிடையே சுமார் 235 கிலோமீட்டர் பாதை அது. அச்சு, சக்கரத்தைச் சுழற்றும் ராடு எல்லாவற்றுக்கும் உருளை வைத்த ரோலர் பேரிங் என்பதால், பேரிங் சூடாகி வண்டி வழியில் நிற்கும் பழைய தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பாய்லருக்குச் செய்யவேண்டிய ஊழியம் குறையவில்லை.

டோங்காட் அம்மா: பாய்லர் கழுவுவது என்கிறார்களே, தண்ணீர்தானே இருக்கிறது உள்ளே, கழுவ என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி அம்மா. உங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அது வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. நெருப்பை ஒட்டிய தகடு தாங்காமல் சூடேறி உப்பிவிடும். உள்நாட்டு வறண்ட நிலமான கரூ பக்கத்துத் தண்ணீர் கடினமானது, அங்கே இந்தக் கவலை அதிகம்.

முதலில் நெருப்பை இறக்கி, பாய்லரைத் தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டால் தகடுகள் ஒரே சீராகச் சுருங்காது. உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் ஸ்டே கம்பிகள் முறியும். ஆறியதும் பாய்லரின் கழுவும் துளைகளை மூடியிருக்கும் அடைப்பான்களைக் கழற்றி, மேலிருந்து கீழாக ஹோஸால் பீய்ச்சி, மூலைகளைக் கம்பியால் சுரண்டுவோம். வெளியே வரும் தண்ணீர் முதலில் சேறு மாதிரி இருக்கும், போகப்போகத் தெளியும். தெளிந்த பிறகும் விளக்கை உள்ளே விட்டுப் பார்க்காமல் மூடக்கூடாது.

ஸ்டேயின் நுனியில் மெல்லிய துளை ஒன்று உண்டு. கம்பி முறிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிகிறதே என்று அந்தத் துளையை அடைத்துவைப்பவனை ஷெட்டுக்குள்ளேயே விடக்கூடாது.

பீனிக்ஸிலிருந்து: தண்ணீரே வேண்டாத இன்ஜின் இருந்ததாமே?

வேண்டாததல்ல, மிகக் குறைவாகக் குடித்தது. கரூவுக்காகவே 25 வகையில் 90 இன்ஜின்கள் வந்தன. வெளியேறும் நீராவியை டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் சுமந்து இன்ஜினுக்குப் பின்னால் வரும் பெட்டியில், குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும். சாதாரண இன்ஜினில் புகைபோக்கி வழியாகப் பீய்ச்சும் நீராவிதான் நெருப்புக்குக் காற்றை இழுக்கும். இதில் அது இல்லாததால் காற்றை இழுக்கத் தனியாக ஒரு விசிறி தேவைப்பட்டது. சாம்பல் துகள் அதன் இறக்கைகளை அரித்துத் தின்றது. பராமரிப்புச் செலவு ஏறியது. 1973 முதல் 1980 வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் சாதாரண 25 என்.சி. வகையாக மாற்றிவிட்டார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: ‘ரெட் டெவில்’ பற்றிச் சொல்லுங்கள்.

3450 எண் இன்ஜின். பொறியாளர் டேவிட் வார்டேல் 1981ல் கேப் டவுனின் சால்ட் ரிவர் பட்டறையில் திருத்தி அமைத்தார். நெருப்புக்குக் கீழிருந்து வரும் காற்றைக் குறைத்து, பெரும்பகுதியை மேலிருந்து விட்டார். கரித்தூள் பறந்து வீணாவது குறைந்தது. கரியில் 28 சதவீதம், தண்ணீரில் 30 சதவீதம் மிச்சம் என்று கணக்கு. அற்புதமான வேலை. ஆனால் டீசலும் மின்சாரமும் பாதைகளைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

டர்பன் அக்கா: என் தாத்தா ரயில்வேயில் இருந்தார். டிரைவராக இருந்திருப்பாரா?

வாய்ப்பு மிகக் குறைவு அக்கா. அந்த நாற்காலியை வெள்ளையருக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலில் ரயில்வே ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை எடுத்தது பெரும்பாலும் தண்டவாள வேலைக்கும் கூலி வேலைக்கும்தான். டர்பனில் முதல் ரயில் ஓடியதும் 1860, ‘ட்ரூரோ’ கப்பலில் மதராஸிலிருந்து நம் ஆட்கள் முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியதும் 1860தான்.

சாட்ஸ்வொர்த் தம்பி மறுபடியும்: நானும் வந்து வேலை கற்கலாமா? முதலில் என்ன தருவீர்கள்?

வா. பாய்லரின் முன்னால், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகைப்பெட்டியிலிருந்து சாம்பலை அள்ளும் வேலைதான் முதலில். முகமூடி இல்லாமல் கிட்டே வராதே. பழைய பாய்லர்களைச் சுற்றியிருக்கும் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது என்னவென்று பரிசோதித்து முடிக்கும்வரை அந்தத் தகடுகளில் யாரும் கை வைப்பதில்லை. பழைய துணி, மூடிய பூட்ஸ் போட்டுக்கொண்டு வா.