ஃபெராரி டேடோனா ஸ்பைடர்: ஓடாத வண்டியை நம்பலாமா? (கேள்வி பதில்)

ஃபெராரி 365 ஜிடிஎஸ்/4, ஊர் அறிந்த பெயரில் டேடோனா ஸ்பைடர். கூரை திறந்த, வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட இந்த வி12 வண்டியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டேடோனா என்ற பெயர் எப்படி வந்தது? மொத்தம் எத்தனை செய்தார்கள்?

1967-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி அள்ளியது. அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் 365 ஜிடிபி/4 கூப்பே, அதாவது மூடிய கூரை வண்டி, வந்தபோது பத்திரிகைகள் அந்தப் பெயரைச் சூட்டின, அப்படியே ஒட்டிக்கொண்டது. திறந்த கூரை வண்டி 1969-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளிவந்தது. கூப்பே ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஸ்பைடர் 1973 வரை 122 மட்டுமே. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

கேள்வி: கூப்பேயின் கூரையை வெட்டி ஸ்பைடர் ஆக்கியவை நிறைய உண்டாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்டு, ஏராளமாக உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கூப்பே மலிவாகக் கிடைத்தது, ஸ்பைடருக்கு ஆசைப்பட்டவர்கள் அதிகம். சில மாற்று வண்டிகள் மிக நேர்த்தியான கைவேலை, கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. முதலில் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் தொழிற்சாலையிலிருந்து எந்த உடலோடு வெளியேறியது என்பது பதிவில் இருக்கிறது. மரனெல்லோவில் இருக்கும் ஃபெராரி கிளாசிகே பிரிவு இஞ்சின், கியர்பாக்ஸ், உடல் எல்லாவற்றையும் பழைய பதிவோடு ஒப்பிட்டுச் சான்று தருகிறது. அந்தச் சான்று இல்லாமல் "அசல்தான், நம்புங்க" என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

அப்புறம் வண்டியில் உட்கார்ந்து மேடுபள்ளமான சாலையில் போய்ப் பாருங்கள். கூரையை எடுத்துவிட்டால் உடல் தளரும். அதற்காகத்தான் உடலைக் கட்டிய ஸ்காலியெட்டி பட்டறையில் ஸ்பைடருக்குக் கூடுதல் வலு சேர்த்தார்கள். அரைகுறையாக வெட்டிய வண்டியில் முன்கண்ணாடிச் சட்டம் கையில் தெரியும் அளவுக்கு ஆடும், கதவு இடுக்கு மாறும். விலையில் இடைவெளி பெரிது: கூப்பே சில லட்சம் டாலர், அசல் ஸ்பைடர் ஏலத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது.

கேள்வி: சார், ஐம்பது வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்றால் புது வண்டி மாதிரிதானே?

இல்லை. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை, ஆனால் முதுமை உண்டு.

பேனட்டைத் திறவுங்கள். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, அந்த வி-யின் பள்ளத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஆறு வெபர் கார்ப்புரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், ஒரு வாய்க்கு ஒரு சிலிண்டர். பெட்ரோல் வற்றிப்போனால் உள்ளே பழுப்பாக ஒரு பிசின் படியும், நுண்ணிய துளைகள் அடைபடும். ஆக்ஸிலரேட்டர் பம்பின் மெல்லிய சவ்வு (டயஃப்ரம்) விறைத்துவிடும். பல வருடம் கழித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் அது கிழிந்து பெட்ரோல் கசியும். கசிவது எங்கே? சூடான இஞ்சினின் மேல். இந்த வகை வண்டிகள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் நீண்ட நாள் தூங்கிய வண்டியை, விற்பவர் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும், உடனே சாவி திருப்ப விடாதீர்கள்.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் காலிப்பர் பிஸ்டன் துருவேறும், ரப்பர் எல்லாம் வெடிப்பு விடும். டயரின் பட்டன் புதுசாகத் தெரியும், ஆனால் பக்கச் சுவரில் இருக்கும் தேதியைப் பாருங்கள். டேடோனாவுக்கான மிஷலின் எக்ஸ்டபிள்யூஎக்ஸ் டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதில் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: ஓடோமீட்டரை நம்பலாமா?

தனியாக நம்பக் கூடாது. பல்சக்கரத்தில் ஓடும் மீட்டர், கழற்றலாம், மாற்றலாம். சர்வீஸ் ரசீதுகளை வருட வாரியாக அடுக்குங்கள். கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். அமெரிக்க வண்டியாக இருந்தால் கணக்கு மைலில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். பெடல் ரப்பர், ஓட்டுநர் சீட்டின் ஓரத் தோல், ஸ்டியரிங்கின் கைபடும் இடம், இவை மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புது பெடல் ரப்பர் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: பெயின்ட் மங்கியிருக்கிறது. புதுசாக அடிக்கலாமா?

உலோகம் துருப்பிடிக்காத வரை கை வைக்காதீர்கள். 2017-இல் மரனெல்லோவில் ஆர்எம் சாத்பீஸ் நடத்திய ஏலத்துக்கு, ஜப்பானில் பல்லாண்டு ஒதுங்கிக் கிடந்த ஓர் அலுமினிய உடல் டேடோனா கூப்பே அதே தூசியோடு வந்தது. 18 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. அது ஒரே ஒரு வண்டி, உங்கள் வண்டிக்கு அந்த விலை வராது. ஆனால் கைபடாத அசல் பெயின்டைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

கேள்வி: ஓட்டினால் விலை குறையாதா?

கொஞ்சம் குறையலாம். ஆனால் வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய, ரசீது உள்ள வண்டியை விவரம் தெரிந்தவர் மதிக்கிறார். 4.4 லிட்டர், 352 குதிரைத்திறன், நாடு விட்டு நாடு போகச் செய்த வண்டி. அதைக் கொட்டகையில் பூட்டிவைப்பது எனக்கு மனது பொறுக்காத விஷயம்.

கேள்வி: அடுத்த மாதம் ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டியரிங்குக்குப் பவர் உதவி இல்லை. மெதுவாகத் திருப்பும்போது கனமாகத்தான் இருக்கும், வேகம் பிடித்ததும் லேசாகிவிடும். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் சூடாக நேரம் எடுக்கும். அதுவரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அதைப் பழுது என்று நினைத்து விலை பேசாதீர்கள், முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போங்கள். நன்றாகச் சூடான பிறகும் இரண்டாவது கரகரத்தால், கியர் மாறும்போது வேகத்தைப் பொருத்தும் சின்க்ரோ போய்விட்டது என்று அர்த்தம், அப்போது பேரம் பேசலாம்.