கேளுங்கள், சொல்கிறேன்: மறையும் புள்ளிகளும் பெயர் தெரியாத பாட்டும்

போன இதழில் பிரிட்டிஷ் பள்ளித் தொலைக்காட்சியின், அதாவது வகுப்பறைகளுக்கென்றே ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின், இடைவேளை இசையைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அரசியல் எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வந்ததில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: எண்பதுகளின் தொடக்கத்தில் காலை நேரத்தில் பிபிசியைப் போட்டால் வட்டமாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வரும், பின்னால் ஏதோ ஒரு இசை ஓடும். என் மகனிடம் சொன்னால், "சும்மா கதை விடாதீங்கம்மா, வேலை மெனக்கெட்டு ஒரு சேனல் புள்ளியைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்குமா?" என்கிறான். நான் கனவுதான் கண்டேனா?
– வாசகி, ஹாரோ

பதில்: கனவு இல்லை அம்மா. 1977 முதல் 1983 வரை பிபிசி 1-இல் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு முன்னால் வந்த அறிவிப்பு அது. ஒரு நிமிடத்தில் எல்லாப் புள்ளியும் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் நிகழ்ச்சி தொடங்கும். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் வைர வடிவம் ஒன்று இருந்தது, அதற்கும் முன்னால், அறுபதுகளில், துண்டு துண்டாகக் குறையும் ஒரு வட்டம். விளம்பரத்தில் ஓடும் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவிக்காரர்கள் நேராகக் கடிகாரத்தையே காட்டினார்கள். 1983-இல் பிபிசியின் பள்ளி நிகழ்ச்சிகள் எல்லாம் பிபிசி 2-க்குப் போயின, புள்ளிகளின் கதை அதோடு முடிந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயது, அம்மை போட்டிருந்ததால் பள்ளிக்கு விடுமுறை. அம்மா இரவுப் பணி முடித்துவிட்டு வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் மேலே கேட்டுவிடக் கூடாது என்று ஒலியைக் கடைசி வரைக்கும் குறைத்து, காதைப் பெட்டியின் பக்கவாட்டு மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் திருப்பித் திரையைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் புள்ளிகள் வட்டமாகத் தெரியாது, முட்டை மாதிரி நீளமாகத் தெரியும். மகனிடம் இதையும் சொல்லுங்கள், இப்படி ஒன்றைக் கற்பனை செய்து சொல்ல எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

கேள்வி: ஒரு நிகழ்ச்சி முடிந்தால் அடுத்ததைப் போட வேண்டியதுதானே? நிமிடக் கணக்கில் எதற்கு இடைவெளி?
– வாசகர், லெஸ்டர்

பதில்: நீங்கள் வீட்டிலிருந்து யோசிக்கிறீர்கள், பள்ளிக்கூடத்தின் நடைபாதையில் நின்று யோசியுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சிதான். ஆள் உயரத்துக்குக் கால் வைத்த சக்கர வண்டியில் ஏற்றி, முன்னால் மரக்கதவு போட்டு, கூடத்தின் மூலையில் நிறுத்தியிருப்பார்கள். ஒன்பதரை மணி நிகழ்ச்சி ஐந்து வயதுக்காரர்களுக்கு என்றால் அடுத்தது பதின்மூன்று வயதுக்காரர்களுக்காக இருக்கும். முதல் வகுப்பு எழுந்து வரிசையில் வெளியே போக வேண்டும், அடுத்த வகுப்பு உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும், பேசுகிறவனை இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டும். பழைய வால்வு பெட்டியாக இருந்தால் சூடேறிப் படம் வரவே ஒரு நிமிடம் போய்விடும். வீடியோ ரெக்கார்டர் பள்ளிகளுக்குப் பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது, ஒளிபரப்பு யாருக்காகவும் காத்திருக்காது. ஆசிரியருக்குத் தேவைப்பட்டது வெறும் இடைவெளி இல்லை, "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது" என்று தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி. அதற்குத்தான் புள்ளியும் கடிகாரமும். ஐடிவியில் இன்னொரு சங்கடமும் இருந்தது, பள்ளி நிகழ்ச்சிக்குள் விளம்பரம் போடக் கூடாது. மற்ற நேரத்தில் சோப்பும் பற்பசையும் வந்து நிரப்புகிற இடத்தைக் கடிகாரம்தான் நிரப்பியது.

இன்னொன்று, பள்ளி ஒளிபரப்பை முதலில் தொடங்கியது பிபிசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1957 மே மாதமே அசோசியேட்டட் ரீடிஃப்யூஷன் என்ற வணிக நிறுவனம் முந்திக்கொண்டது, பிபிசி செப்டம்பரில்தான் வந்தது. 1972 தொடக்கம் வரை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒளிபரப்பலாம் என்று அரசாங்கமே கட்டுப்பாடு வைத்திருந்தது, பள்ளி நிகழ்ச்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் காய்ச்சலில் வீட்டில் கிடந்த குழந்தைக்குக் காலையில் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் இதுதான். பிடித்துப் பார்த்தோம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டாம், வேறு வழி இல்லாமல் பார்த்தோம்.

கேள்வி: அந்த இசையை எல்லாம் யார் போட்டது? நாற்பது வருடமாக ஒரு மெட்டு தலைக்குள் ஓடுகிறது. பாடிக்காட்டினால் யாருக்கும் தெரியவில்லை, கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
– வாசகர், கிளாஸ்கோ

பதில்: கடையில் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது ஐயா, அது கடைக்கென்று செய்த இசையே இல்லை. அந்தக் காலத்து பிரிட்டனில் 'நீடில் டைம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர்களின் சங்கமும் சேர்ந்து, விற்பனைக்கு வந்த இசைத்தட்டுகளை ஒலிபரப்பில் இவ்வளவு நேரம்தான் போடலாம் என்று எல்லை கட்டியிருந்தார்கள். 1988 வரை இது நீடித்தது. அந்தப் பொன்னான நிமிடங்களைப் பாப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் புள்ளி மறைவதற்கா செலவழிப்பார்கள்? அதனால் கையில் எடுத்தது லைப்ரரி மியூசிக். கே.பி.எம்., டி வோல்ஃப், புரூட்டன் போன்ற நிறுவனங்கள் "மகிழ்ச்சியான காலை", "தொழிற்சாலை", "மெல்லிய சோகம்" என்கிற மாதிரி மனநிலைக்கு ஏற்றபடி இசை செய்து, ஒரே மாதிரி உறை போட்டு, தயாரிப்பாளர்களுக்கு மட்டும் கொடுத்து, பயன்படுத்துகிறபோது கட்டணம் வாங்கிக்கொள்ளும். கே.பி.எம். தட்டுகளின் பச்சை உறை இன்றைக்குச் சேகரிப்பாளர்களிடம் தங்கத்துக்குச் சமம்.

ஒரே இசை எங்கெல்லாம் போகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஆலன் ஹாக்‌ஷா செய்த 'சிக்கன் மேன்'. 1978-இல் பிபிசியின் 'கிரேஞ்ச் ஹில்' தொடரின் தலைப்பு இசை அதுதான். அடுத்த ஆண்டே தேம்ஸ் தொலைக்காட்சியின் 'கிவ் அஸ் எ க்ளூ' என்ற விளையாட்டு நிகழ்ச்சிக்கும் அதே மெட்டு. குழந்தைகள் குழம்பிப்போனார்கள், அலமாரியிலிருந்து தட்டை எடுத்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் பல வருடம் யோசித்துப் பார்த்து வந்து நின்ற இடம் இது: நமக்கு இந்த ஏக்கம் இவ்வளவு முற்றிப்போனதற்கு அந்த இசை உசத்தியானது என்பது காரணம் இல்லை. சிலது நிஜமாகவே நன்றாக இருக்கும், பாதி லிஃப்டில் போடுகிற ரகம். ஆனால் சினிமாப் பாட்டு என்றால் வளர வளர நூறு முறை கேட்டிருப்போம், கல்யாண வீட்டில் கேட்டு, டாக்சியில் கேட்டு, கடைசியில் சலித்துப் போயிருக்கும். இதற்குப் பெயர் கிடையாது, அறிவிப்பாளர் சொன்னதில்லை, தட்டு வாங்க முடியாது, ஒரு பள்ளித் தவணையில் கொஞ்ச நாள் வந்துவிட்டு அடுத்த தவணையில் காணாமல் போய்விடும். சரிபார்க்க அசல் இல்லாத நினைவு, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. உங்கள் மெட்டு கிடைத்துவிட்டால் முதல் தடவை கேட்கும்போது "இவ்வளவுதானா" என்று இருக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. அப்புறம் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கேள்வி: சுழலும் கண்ணாடிப் பெட்டி, பின்னால் முதுகுத்தண்டு சில்லிடுகிற மாதிரி ஒரு ஓசை. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அந்த இசையைத் தேர்ந்தெடுத்தவர் நல்லா இருப்பாரா?
– வாசகி, லூட்டன்

பதில்: 'பிக்சர் பாக்ஸ்'. ஐடிவியின் கிரானடா நிறுவனம் 1966 முதல் 1993 வரை நடத்தியது, நெடுங்காலம் ஆலன் ராத்வெல் தொகுத்து வழங்கினார். பல நாட்டுக் குறும்படங்களைக் காட்டி, அதை வைத்துப் பிள்ளைகளை எழுதவும் வரையவும் வைக்கிற நல்ல நோக்கம்தான். அந்த இசை ழாக் லாஸ்ரி அமைத்த 'மனேஜ்'. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் குதிரை ராட்டினம் என்றும் பொருள். வாசித்த கருவியின் பெயர் கிறிஸ்டல் பாஷே. வரிசையாகக் கண்ணாடிக் கம்பிகள் இருக்கும், விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவ வேண்டும், அதிர்வு உலோகத் தகடுகளுக்குப் போய்ப் பெரிதாகும். தண்ணீர் தொட்ட விரலால் கண்ணாடித் தம்ளரின் விளிம்பைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள், அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தேர்ந்தெடுத்தவரைத் திட்டாதீர்கள், எத்தனையோ தலைப்பு இசை மறந்துபோன பிறகும் இதைப் பற்றிக் கடிதம் எழுதுகிறீர்களே.

கேள்வி: உடம்பே இல்லாமல் மிதக்கும் ஆரஞ்சு நிறத் தலை?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: வேர்டி. பிபிசியின் 'லுக் அண்ட் ரீட்', 1967 முதல் 2004 வரை வந்தது. ஒரு தொடர்கதையைத் துண்டு துண்டாகச் சொல்லி நடுநடுவே எழுத்துக்கூட்ட வைப்பார்கள். தலைவர் 1974-இல் வந்து சேர்ந்தார், குரல் சார்ல்ஸ் காலிங்வுட். நான் அதில் பயந்தது 'தி பாய் ஃப்ரம் ஸ்பேஸ்' கதையில் வருகிற ஒல்லி மனிதனைப் பார்த்து. அது 1971-இல் முதலில் வந்தது, 1980-இல் பழைய படச்சுருளோடு வேர்டியையும் பேடி கிங்ஸ்லேண்டின் புது இசையையும் சேர்த்து மறுபடி போட்டார்கள். 2014-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் டிவிடியாக வெளியிட்டது. வாங்கினேன். ஒல்லி மனிதன் இன்னும் பயமுறுத்துகிறான், பாடத்தைத்தான் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

கேள்வி: பிபிசியா, ஐடிவியா?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: இசைக்கு ஐடிவி. கதைக்கு பிபிசி. சண்டைக்கு நான் வரவில்லை.

கேள்வி: அண்ணா, நான் பிறந்தது 2001-இல். இந்த நிகழ்ச்சி எதையும் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த இசையைக் கேட்டால் ஏங்குகிற மாதிரி இருக்கிறது. நண்பர்கள் போலி என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், மான்செஸ்டர்

பதில்: போலி என்றால் உங்களுக்குத் துணை நிறைய இருக்கிறது தம்பி. 2004-இல் ஜிம் ஜப்பும் ஜூலியன் ஹவுஸும் கோஸ்ட் பாக்ஸ் என்று ஒரு இசை நிறுவனம் தொடங்கினார்கள். பள்ளித் தொலைக்காட்சி, லைப்ரரி மியூசிக், பழைய பாடப்புத்தக அட்டை, இதையெல்லாம் கலந்து, இல்லாத ஒரு ஊரின் இல்லாத ஒளிபரப்புக்கு இசை செய்கிற மாதிரி செய்தார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு அப்படியே பின்னால் போங்கள். 1958-இல் தொடங்கிய, மின்னணு ஒலிகளும் இசையும் செய்த பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் பள்ளி வானொலிக்காக நிறைய வேலை செய்திருக்கிறது. அங்கிருந்த டேவிட் கெய்ன் 1969-இல் செய்த 'தி சீசன்ஸ்' என்ற இசைத்தட்டு, பள்ளிப் பிள்ளைகள் கேட்டு ஆடி நடிப்பதற்காக ரொனால்ட் டங்கனின் கவிதைகளோடு வந்தது. ஐந்து நிமிடம் கேட்டால் எந்தப் பிள்ளை இதற்கு ஆடியிருக்கும் என்று தோன்றும். 2012-இல் டிரங்க் ரெக்கார்ட்ஸ் மறுபதிப்புப் போட்டது. சிரிக்க வேண்டும் என்றால் 2002-இல் பிபிசி 2-இல் வந்த 'லுக் அரவுண்ட் யூ' பாருங்கள், பீட்டர் செராஃபினோவிச்சும் ராபர்ட் பாப்பரும் செய்தது. கந்தகம், மூளை, பேய் என்று தலைப்பு வைத்து அச்சு அசல் பள்ளி நிகழ்ச்சி மாதிரியே அபத்தமான அறிவியல் சொல்வார்கள், தொடக்கத்தில் கடிகாரமும் உண்டு.

ஆனால் ஒன்று. உங்கள் ஏக்கத்தில் தரையின் குளிர் இருக்காது, முன்னால் உட்கார்ந்தவனின் தலை மறைத்திருக்காது, நிகழ்ச்சி முடிந்ததும் கேட்கப்போகிற கேள்விக்கான பயம் இருக்காது. எங்களுடையதைவிடச் சுத்தமான ஏக்கம் உங்களுடையது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கேள்வி: பரணில் ஒரு ஒலிநாடா கிடைத்தது. 1981 வாக்கில் டிவி முன்னால் மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தது, இடைவேளை இசை ஏழெட்டு நிமிடம் இருக்கிறது. நடுவில் யாரோ "தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா? இது யாருக்காவது பயன்படுமா?
– வாசகி, குரோய்டன்

பதில்: தயவுசெய்து இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் நாடாவின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், கை தவறி மேலே பதிவாகாமல் இருக்கும். நன்றாக வேலை செய்கிற ஒரு டெக்கில் ஒரே ஓட்டமாகக் கணினிக்கு மாற்றுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்காத கோப்பாக வையுங்கள். பயன்படுமா என்று கேட்கிறீர்களே, அந்தக் காலத்தில் நிறைய ஒளிநாடாக்களை நிறுவனங்களே அழித்து மறுபடி பயன்படுத்தின. நிகழ்ச்சிக்கே அந்தக் கதி என்றால் இடைவேளையை யார் எடுத்து வைத்தார்கள்? இன்று மிஞ்சியிருப்பதில் கணிசமானது உங்களை மாதிரி வீட்டில் மைக் பிடித்தவர்கள் புண்ணியம். காணாமல்போன ஒளிபரப்புகளைத் தேடுகிற கலைடாஸ்கோப் என்ற அமைப்பு பிரிட்டனில் இருக்கிறது, அவர்களுக்கு எழுதிப் பாருங்கள்.

சத்தத்தை எடுக்க முடியும், இப்போது மென்பொருள் இருக்கிறது. ஆனால் தொடாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம், தேத்தண்ணிக்குக் கூப்பிட்டது யார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.