நள்ளிரவில் எந்தக் கூட்டம் தெரியும்? கற்பனை உலகுக்கு ஒரு வானம்

கேள்வி: நண்பர்களுக்கு ஒரு ரோல்-பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம்) நடத்துகிறேன். உலகம் என் சொந்தக் கற்பனை. ஆண்டுக்கு 360 நாள், 30 நாள் கொண்ட 12 மாதம். மாதத்துக்கு ஒரு விண்மீன் கூட்டம், அதில் பிறந்த கேரக்டருக்குப் பகடையில் விழும் எண்ணோடு எல்லா நேரமும் +1. இரண்டு நிலவுகளும் உண்டு. போன முறை ஒருவர், "இப்போது நள்ளிரவு. வானத்தில் எது தெரிகிறது? வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த முறை அதற்கு நேர்மாறாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். வானியல் படிக்காமலே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. அரை வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். வட்டத்துக்கு 360 பாகை, உங்கள் ஆண்டுக்கு 360 நாள். எனவே சூரியன் விண்மீன்களுக்கிடையே நாளுக்குச் சரியாக ஒரு பாகை நகர்கிறது. 12 கூட்டங்களுக்கும் தலா 30 பாகை கொடுத்து, சூரியன் கடக்கும் வரிசையில் 1 முதல் 12 வரை எண் போடுங்கள். நான்காம் மாதம் சூரியன் நான்காம் கூட்டத்தில் இருக்கும்.

இனி ஒரே ஒரு கணக்குதான். பொழுது சாயும்போது கிழக்கில் உதிக்கும் கூட்டம், மாத எண்ணோடு 6 கூட்டினால் வருவது. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டம் வீதம் வரிசையாக உதிக்கும், ஏனென்றால் வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கிழக்கில் உதிக்கும் எண்ணிலிருந்து 3 கழித்தால் உச்சியில் நிற்பது, 6 கழித்தால் மேற்கில் மறைவது. எண் 12-ஐத் தாண்டினால் 12-ஐக் கழியுங்கள், ஒன்றுக்குக் கீழே போனால் 12-ஐக் கூட்டுங்கள்.

நான்காம் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு 10 உதிக்கிறது. எட்டுக்கு 11, பத்துக்கு 12, நள்ளிரவில் 1. அந்த நள்ளிரவில் உச்சியில் 10, மேற்கில் மறைந்துகொண்டிருப்பது 7. விடியும்போது 4 உதிக்கும், சூரியனோடு சேர்ந்தே. அதனால் அது கண்ணுக்குத் தெரியாது. நிஜ வானத்தில் ஒவ்வொரு கூட்டமும் உதிக்க எடுக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் மாறும். ஆட்டத்துக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை.

நான்காம் மாதத்தில் 4 கண்ணுக்குத் தெரியாமல் போவதைக் கவனியுங்கள். இந்த வகை உலகங்களில் அதிகம் நடக்கும் பிழை அங்கேதான் இருக்கிறது. ஒரு கூட்டத்தின் மாதத்தில் அதே கூட்டம் இரவு முழுக்க ஜொலிப்பதாக வர்ணிப்பார்கள். சூரியன் அதற்குள் நிற்கும்போது அது பகலில்தான் வானத்தில் இருக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு வழி. பிறப்புக் கூட்டம் என்பது பிறந்த மாதத்தில் பொழுது சாயும்போது உதிக்கும் கூட்டம் என்று மாற்றிவிடலாம்; அப்போது இரவெல்லாம் தெரியும். அல்லது தெரியாமல் போவதையே கதையாக்கலாம். "என் காவல் தெய்வம் நான் பிறந்தபோது வானில் இல்லை" என்று ஒரு கேரக்டர் சொன்னால் அதில் வேலை இருக்கிறது. எங்கள் தேர்வு இரண்டாவது.

இந்தக் கணக்கை வீரர்களிடமிருந்து மறைக்க வேண்டாம். ஓர் அட்டையில் எழுதி, மாலுமியாகவோ இடையனாகவோ வரும் கேரக்டரின் கையில் கொடுங்கள். மாதம் தெரிந்தவர் கிழக்கைப் பார்த்து மணி சொல்வார். நேரம் தெரிந்தவர் மாதம் சொல்வார். நீண்ட மயக்கத்திலிருந்து சிறையில் கண்விழிப்பவருக்குக் கிழக்குப் பார்த்த ஒரு சின்ன ஜன்னலும் நள்ளிரவு மணியோசையும் போதும்: ஜன்னலில் 5 உதிக்கிறது என்றால், 9-ஐக் கழித்து 12-ஐக் கூட்ட, எட்டாம் மாதம். பகடையே உருட்ட வேண்டாம்.

அடுத்து வடக்கு. வடதுருவத்துக்கு நேர் மேலே அசையாமல் நிற்கும் துருவ விண்மீன் இருக்கும் பக்கமே வடக்கு. உங்கள் உலகம் உருண்டை என்றால், துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே அந்த இடத்தின் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. பூமி அளவு உலகில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடக்கும் குழு தெற்கே போனால், துருவ விண்மீன் ஒரு முஷ்டி இறங்க 37 நாள் ஆகும். மூன்று நாள் நடந்துவிட்டு "இங்கே வானமே வேறு" என்று சொன்னால் அது தப்பு. நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் கப்பலுக்கு அதே ஒரு முஷ்டி எட்டு நாளுக்குள் கிடைத்துவிடும். பயணத்தில் வானம் சட்டென மாற வேண்டும் என்றால் உலகைச் சின்னதாக்குங்கள். பூமியில் பாதி அளவு உலகில் ஒரு பாகை சுமார் 55 கிலோமீட்டர்தான். தட்டையான உலகம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எத்தனை கூட்டங்கள் வேண்டும்? பூமியின் வானத்தை இன்று 88 ஆகப் பிரித்திருக்கிறார்கள். பழங்கால வானியலாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் 48 சொன்னார். உங்களுக்கு அந்த 12 போக, மறையாமல் துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பவை மூன்று, தெற்கே போனால் மட்டும் தெரிபவை இரண்டு போதும். அதற்கு மேல் உருவாக்கினால் உங்களுக்கே பெயர் மறந்துபோகும். விண்மீன்கள் இல்லாமல், பால்வீதியின் கருந்திட்டுகளால் ஆன உருவம் ஒன்றையும் சேர்க்கலாம். தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் அப்படித்தான் லாமா என்ற விலங்கைக் கண்டார்கள், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஈமு பறவையைக் கண்டார்கள்.

வரைவதற்கு உருவத்தில் தொடங்காதீர்கள். முதலில் புள்ளி, பிறகுதான் உருவம். பிரகாசம் ஒரு படி குறையும்போது விண்மீன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே ஒரு தாளுக்கு மிகப் பிரகாசமானது 1, அடுத்த படி 3, அடுத்தது 9, மங்கலானவை 27. மொத்தம் 40 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் நூறு முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, நீளவாக்கிலும் உயரவாக்கிலும் இடம் குறியுங்கள். சில இடங்களில் புள்ளிகள் அப்பிக்கொள்ளும், சில இடங்கள் காலியாகக் கிடக்கும். அதைத் திருத்த வேண்டாம். கையால் இட்ட புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி சீராக விழுந்துவிடும். வானம் அப்படி இருக்காது. பிறகு 5 முதல் 7 புள்ளிகளை இணைத்து உருவம் தேடுங்கள். வரும் உருவம் கோணல்மாணலாக இருந்தால் நல்லது. சிங்கம் சிங்கம் மாதிரியே இருந்தால் வாதாட இடமில்லை.

வாதம்தான் கதைக்கு விதை. வடவானத்தின் ஏழு விண்மீன்களையே ஒருவர் ஏழு முனிவர் என்றார், ஒருவர் கரடி என்றார், ஒருவர் கலப்பை, இன்னொருவர் வண்டி. உங்கள் பத்தாம் கூட்டத்துக்கு இதைச் செய்து பார்ப்போம். ஆறு விண்மீன், ஒரு முனையில் செந்நிறமாக ஒன்று. ஆற்றங்கரை மக்கள் இதைத் தோணிக்காரன் என்கிறார்கள், சிவப்பு விண்மீன் அவன் துடுப்பின் முனை. நான்காம் மாதம் மாலையில் அவன் கிழக்கே எழுந்தால் வெள்ளம் வரப்போகிறது, படகுகளைக் கரையேற்ற வேண்டும். ஒன்பதாம் மாதம் அவன் பொழுது சாய்ந்ததும் மேற்கில் தாழ்ந்து கிடக்கிறான். பத்தாம் மாதம் காணவில்லை. ஆற்றில் மூழ்கிவிட்டான் என்று அந்த மாதம் யாரும் புதுத் தோணி இறக்குவதில்லை. பதினோராம் மாதம் விடியலுக்கு முன் கிழக்கில் மீண்டும் தலைகாட்டுகிறான். மலைக்காரர்களுக்கோ அதே ஆறு புள்ளி உடைந்த ஏணி. வெள்ளத்தோடு அவர்களுக்கு என்ன சம்பந்தம்? இந்தக் கதையில் அவன் எழுவதும் தாழ்வதும் மறைவதும் திரும்புவதும் இட்டுக்கட்டிய அலங்காரமில்லை, எல்லாம் அந்த எண் கணக்கிலிருந்தே வந்தது. பழைய எகிப்திலும் இதே ஏற்பாடுதான்: சிரியஸ் என்ற விண்மீன் சுமார் 70 நாள் மறைந்திருந்து விடியலில் திரும்பிய காலம், நைல் பெருகும் காலத்தோடு ஒத்துப்போனது.

நிலவுகள். ஒன்றுக்கு 24 நாள், மற்றதற்கு 36 நாள் என்று வைத்தால் 72 நாளுக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இரவில் முழுநிலவாகும். ஆண்டுக்கு ஐந்து முறை வந்தால் யார் அதிசயிப்பார்கள்? பொது வகுத்தி இல்லாத எண்களாக எடுங்கள். 28, 37 என்றால் 1036 நாளுக்கு ஒருமுறைதான். முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிரே இருக்கும், அதாவது மாத எண்ணோடு 6 கூட்டிய கூட்டத்தின் பக்கம். ஆகவே இரண்டு முழுநிலவுகளும் அருகருகேதான் நிற்க முடியும். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். அதே காரணத்தால் முழுநிலவு நள்ளிரவில் உதிக்காது, பொழுது சாயும்போதுதான் உதிக்கும். அன்று மங்கலான விண்மீன்கள் தெரியாது. மங்கலான கூட்டத்தில் ஒளிந்திருக்கும் குறிப்பைத் தேடும் குழு, நிலவு தேயும்வரை சில இரவு காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி அந்த +1. இருபது முகப் பகடையில் +1 என்றால் 5 சதவீதம், அவ்வளவுதான். ஆனால் எல்லா நேரமும் இருப்பதால் அது எழுதி மறந்துவிடும் எண்ணாகிறது. போதாததற்கு, எல்லா வாள்வீரர்களும் ஒரே மாதத்தில் பிறப்பார்கள். அதை எடுத்துவிட்டு, தன் கூட்டம் அடிவானத்துக்கு மேலே இருக்கும் இரவில், திறந்த வானத்தின் கீழ், ஆட்ட அமர்வுக்கு ஒருமுறை இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுங்கள். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வெற்றி வாய்ப்பு 50-லிருந்து 75 சதவீதமாகும். +5-க்குச் சமம், எனவே ஒருமுறைக்கு மேல் தராதீர்கள். கூட்டம் மறைந்திருக்கும் மாதத்தில் இந்தச் சலுகை இல்லை. பிறந்த மாதத்தைப் பன்னிரண்டு முகப் பகடை முடிவு செய்யட்டும்.

"விண்மீன்கள் ஒன்றுகூடும் நாள்" போன்ற தீர்க்கதரிசனங்களுக்கு நிஜ வானமே சரக்கு தரும். அல்கோல் என்ற விண்மீன் 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை மங்குகிறது, சுமார் 10 மணி நேரத்தில் பழையபடி ஆகிறது. மங்கலான இன்னொரு விண்மீன் குறுக்கே போவதுதான் காரணம். அது மங்கும்போது மட்டும் திறக்கும் கதவு ஒன்றை வையுங்கள். பழங்கால இடிபாட்டின் வயதைச் சொல்ல அச்சுத் தள்ளாட்டம் உதவும். பூமியின் அச்சு ஏறக்குறைய 25,800 ஆண்டுக்கு ஒரு சுற்று தள்ளாடுவதால், வசந்தம் பிறக்கும்போது சூரியன் நிற்கும் கூட்டம் சுமார் 2,150 ஆண்டுக்கு ஒன்று பின்னோக்கி நகர்கிறது. இன்று உங்கள் வசந்தம் 1-ல் பிறக்கிறது, கல்வெட்டில் 3 என்று இருக்கிறது என்றால் அந்தக் கல்லுக்கு ஏறக்குறைய 4,300 வயது. அந்த இடிபாட்டில் வான ஓவியம் இருந்தால், அதன் நடுவில் துருவமாக வரைந்திருப்பதும் இன்றைய விண்மீனாக இருக்கக் கூடாது, வேறொன்றைப் போடுங்கள்.