மழை ஜாக்கெட் அவசியமா?

கேள்வி: சார், ஆகஸ்ட் கடைசில ஆல்ப்ஸ் மலைல நடந்து பிரான்ஸ்ல சமோனில முடியற சிசிசி மலை ஓட்ட ரேஸ் ஓடப் போறேன், சுமார் 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 6,000 மீட்டர் ஏத்தம். அங்க கோடைதானே, மெல்லிசா ஒரு விண்ட்சீட்டர் போதாதா? ரேஸுக்குப் புது ஷூ வாங்கலாமா?

பதில்: போதாது தம்பி. கிளம்பறது இத்தாலில கூர்மையர், அங்க வெயிலா இருக்கும், ஆனா இத்தாலி சுவிஸ் எல்லைல கிராண்ட் கோல் ஃபெரேன்னு ஒரு கணவாய், 2,537 மீட்டர், வேர்த்த உடம்போட அங்க மழைக்காத்துல மாட்டினா ஆகஸ்ட்லயும் கை விறைச்சுப் போகும், ஜிப் கூட போட முடியாது. 2010ல யூடிஎம்பி, அதாவது சிசிசியும் சேர்ந்த அந்த மலை ஓட்ட விழாவோட மெயின் ரேஸையே மோசமான வானிலையால பாதில நிறுத்திட்டாங்க. அதனாலதான் ஹூட் வெச்ச, தையல்ல டேப் ஒட்டின வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் கட்டாயம், தண்ணி உள்ள புகாம தாங்கற ரேட்டிங் குறைஞ்சது 10,000 மில்லிமீட்டர் இருக்கறது நல்லது. விலை ஜாஸ்திதான், வேற எதுல வேணா மிச்சம் பிடிங்க, இதுல வேண்டாம்.

உள்ள காட்டன் பனியன் போடவே போடாதீங்க, நனைஞ்சா காயாது, மெரினோ கம்பளி இல்லேன்னா பாலியஸ்டர் எடுங்க. ஹெட்லேம்ப், விசில், சர்வைவல் பிளாங்கெட் (உடம்புச் சூட்டைக் காக்கற மெல்லிசு ஃபாயில் போர்வை), ஒரு லிட்டர் தண்ணி, சொந்த டம்ளர் எல்லாம் பைல இருக்கணும், செக் பண்ணுவாங்க.

ஷூ இப்பவே வாங்குங்க, அரை சைஸ் பெருசா, நேரம் ஆக ஆக கால் வீங்கும், இறக்கத்துல பெருவிரல் நகம் இடிக்கும். ரெண்டு மாசம் அதுலயே ஓடிப் பழகிட்டு ரேஸுக்குப் போங்க. உரசித் தோல் புண்ணாகாம இருக்க வாசலின் மறக்காதீங்க, எங்கெங்க தடவணும்னு உங்களுக்கே தெரியும்.