சீ.ஆர். கொப்பியோடு வாருங்கள்: சைபர் பாதுகாப்பு வேலைக்குத் தயாராகிறவர்களுக்குப் பதில்கள்

கொழும்பில் ஒரு வங்கியின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். புதியவர்களை எடுக்கும் நேர்முகப் பரீட்சைகளிலும் உட்காருகிறேன். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் கொஞ்சப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் கொட்டாஞ்சேனை. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். யூடியூபில் ஹேக்கிங் வீடியோ நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்றும் செய்யத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

வீடியோவைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் தம்பி. ஓவர் த வயர் என்ற தளத்தில் பேண்டிட் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, இலவசம். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தூரத்தில் உள்ள, லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு கணினிக்குள் போவீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்கான பாஸ்வேர்ட் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

முதல் கட்டம் லேசு. ரீட்மீ என்ற கோப்பைத் திறந்தால் சரி. அடுத்ததில் கோப்பின் பெயரே ஒரு சின்னக் கோடு, வேறு எழுத்தே இல்லை. வழக்கம்போல, கோப்பில் இருப்பதைக் காட்டும் கேட் கட்டளையையும் அந்தக் கோட்டையும் அடித்தால் திரை அப்படியே நிற்கும். என் வகுப்பில் ஒரு தங்கச்சி இன்டர்நெட் போய்விட்டது என்று ரவுட்டரை இரண்டு தரம் அணைத்துப் போட்டாள். உண்மையில் அந்தக் கணினி கோட்டைக் கோப்பின் பெயராக எடுக்கவில்லை. விசைப்பலகையில் அவள் ஏதோ தட்டப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தது. கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டு, "இந்த இடத்தில் இருக்கும் கோப்பு" என்று சொன்னதும் திறந்தது. முக்கால் மணி நேரம் போனது. ஆனால் கட்டளை உள்ளீட்டை எங்கிருந்து எடுக்கிறது என்பதை அவள் இனி மறக்கமாட்டாள்.

கூடவே ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைக் கொப்பி, வாங்குங்கள். தேதி, என்ன செய்யப் பார்த்தேன், என்ன நடந்தது, ஏன் நடந்தது. நான்கு வரி போதும். பிழையாகப் போனதையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். பேண்டிட்டில் 20 கட்டம் தாண்டியதும் கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரை இறக்கி, அதில் இரண்டு ரவுட்டரை இணைத்து ஒன்றோடொன்று பேச வையுங்கள். அப்புறம் பிகோ சிடிஎஃப். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து 2013இல் தொடங்கிய ஹேக்கிங் போட்டி அது. பழைய கேள்விகள் வருடம் முழுக்கத் திறந்தே இருக்கும்.

கேள்வி: மகன் ஆறு மாதத்தில் எத்திகல் ஹேக்கர் (அனுமதியோடு ஊடுருவிச் சோதிப்பவர்) ஆக்குகிறோம், வேலையும் உறுதி என்று சொல்லும் ஒரு வகுப்பில் சேரக் கேட்கிறான். கட்டணம் சில லட்சம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். (வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மா)

அம்மா, இன்றைக்கு வைக்க வேண்டாம். முதலில் அந்த இடத்துக்கு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். மொத்த மணித்தியாலத்தில் பிள்ளை தானாகக் கணினியில் வேலை செய்வது எத்தனை? ஆய்வுகூடத்தை வகுப்பு இல்லாத நேரத்திலும் பாவிக்க விடுவார்களா? போன தொகுதிப் பிள்ளை ஒருவர் எழுதிய அறிக்கையைக் காட்டுவார்களா? மூன்றாவதுக்குப் பதில் வரவில்லையென்றால் எழுந்து வாருங்கள்.

நான் படிக்க வந்த காலத்தில் அப்பா கடன் வாங்கி ஒரு நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். நான்கு மாதமும் ஸ்லைடு காட்டினார்கள். ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. கடைசியில் சான்றிதழ் தந்தார்கள், அதோடு போன முதல் நேர்முகப் பரீட்சையில் கணினியில் நடந்தவை பதிவாகும் ஒரு லொக் கோப்பைத் தந்து வாசிக்கச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கடனை அப்பா மூன்று வருடம் கட்டினார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேலை உறுதி என்று எவராலும் சொல்ல முடியாது. மகனை முதலில் மூன்று மாதம் இலவசத் தளங்களில் விடுங்கள். அதிலும் ஆர்வம் குறையாமல் இருந்தால் பட்டப்படிப்புக்குச் செலவழிப்பது பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பட்டம் வேண்டுமா?

இருந்தால் நல்லது, கதவு கெதியாகத் திறக்கும். மாலபேயில் உள்ள ஸ்லிட் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் சைபர் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாக எடுத்துத் தகவல் தொழில்நுட்பப் பட்டம் செய்யலாம். வேலை செய்துகொண்டே படிக்க வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது.

கேள்வி: எந்த லெப்டொப் வாங்கலாம்?

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. அது போதும். யுனிட்டி பிளாசாவில் பாவித்தது வாங்கினாலும் பரவாயில்லை. வாங்குமுன் கடையிலேயே, கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயோஸைத் திறந்து வெர்ச்சுவலைசேஷன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வெர்ச்சுவல் பொக்ஸ் மென்பொருள் ஒழுங்காக ஓடாது. பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸின் கோப்பு சுமார் 4 ஜிபி வரும், இரவு டேட்டாவில் இறக்குங்கள்.

கேள்வி: நான் போகும் டியூஷன் நிலையத்தின் இணையத்தளத்தில் ஓட்டை இருக்கிறது. மற்றவர்களின் பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் தெரிகிறது. உள்ளே போய் நிரூபித்துக் காட்டினால் எனக்கு நல்ல பெயர் வருமா?

வராது. தயவுசெய்து இதற்கு மேல் தொடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரம் இல்லை என்று தெரிந்தே ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம். 5 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். நீங்கள் எதையும் திருடியிருக்கத் தேவையில்லை. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் ஒரு செய்தி தோன்றியது. ஏ.எல். பரீட்சைத் திகதியை மாற்றச் சொல்லி எழுதப்பட்டிருந்தது. பொலிஸ் தேடிப் பிடித்தது 17 வயதுப் பாடசாலை மாணவனை. அந்தத் திறமைக்கு ஆய்வுகூடமும் வழிகாட்ட ஒரு ஆளும் கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில், என்ன கண்ணில் பட்டது என்று மட்டும் எழுதி நிலையத்தின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். மற்றவர்களின் விவரங்களை இறக்கி வைக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதில் வராவிட்டால் ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவியுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்க 2006இல் தொடங்கிய தேசிய அமைப்பு அது, இப்படியான முறைப்பாடுகளை எடுப்பது அவர்களுடைய வேலை. உடைத்துப் பார்க்கும் ஆசைக்கு போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இருக்கிறது, ஓவாஸ்பின் ஜூஸ் ஷொப் இருக்கிறது. இரண்டும் இலவசம், உடைப்பதற்கென்றே கட்டியவை.

கேள்வி: மிஸ், நான் நெட்வொர்க் டெக்னீஷியன், வயது 31. நேர்முகப் பரீட்சையில் காட்டக்கூடிய மாதிரி வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நெட்வொர்க்கில் தரவுத் துண்டுகள் (பக்கெட்) எப்படிப் போகின்றன என்று தெரியாமல் தாக்குதல் கருவி மட்டும் தெரிந்தவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

வெர்ச்சுவல் பொக்ஸில் இரண்டு இயந்திரம் போடுங்கள். ஒன்றில் காளி, மற்றதில் உபுண்டு சேர்வர் என்ற, கட்டளை மட்டும் அடிக்கும் இன்னொரு லினக்ஸ். இரண்டையும் ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்கில் வையுங்கள், வெளியே ஒன்றும் போகாது. முகவரி பெரும்பாலும் 192.168.56 என்று தொடங்கும். உபுண்டுவில் வேண்டுமென்றே பலவீனமான பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு திறவுங்கள். காளியில் இருந்து ஹைட்ரா என்ற கருவியை ஓட்டினால் அது பாஸ்வேர்ட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும்.

இதுவரை எல்லோரும் செய்கிறார்கள். இதோடு நிறுத்தாமல் உபுண்டு பக்கம் போய், உள்நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத் லொக் கோப்பைத் திறவுங்கள். பாஸ்வேர்ட் பிழை, பாஸ்வேர்ட் பிழை என்று ஒரே ஐபி முகவரியில் இருந்து சில விநாடிக்குள் பத்து, இருபது வரி. பிறகு நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருக்கும்: பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது. அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் முழுநேர வேலை. அதன் பிறகு ஃபெயில் டு பேன் என்ற தடுப்புக் கருவியை நிறுவுங்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், 10 நிமிடத்துக்குள் 5 தரம் பாஸ்வேர்ட் பிழையானால் அந்த முகவரியை 10 நிமிடம் தடுக்கும். மறுபடி தாக்கி, லொக் இப்போது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கடைசியாக விண்டோஸ் ஒன்றில் இதையே செய்து, 4625 (நுழைவு தோல்வி) என்ற நிகழ்வு எண்ணும் 4624ம் (நுழைவு வெற்றி) எப்போது வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பக்க அறிக்கையாக்குங்கள்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எப்படித் தெரிந்தது, என்ன செய்தேன். போன வருடம் ஒரு பையன் அப்படி ஒரு அறிக்கையோடும் கசங்கிய சீ.ஆர். கொப்பியோடும் வந்தான். அதைப் புரட்டிக்கொண்டே 40 நிமிடம் கதைத்தோம், வேறு கேள்வி தேவைப்படவில்லை. இப்போது என் பிரிவில்தான் இருக்கிறான்.

கேள்வி: நான் தமிழ் மொழிமூலப் பாடசாலையில் ஐசிடி ஆசிரியர். 18 கணினி இருக்கிறது, அதில் 13 வேலை செய்யும். இன்டர்நெட் வந்து வந்து போகும். இதை வைத்து என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம் சேர். இன்டர்நெட் இல்லாதது ஒரு விதத்தில் நல்லது, பிள்ளைகள் வெளியே எதையும் தொட மாட்டார்கள். 13 கணினியையும் ஒரு நெட்வொர்க் சுவிட்சில் இணைத்து, நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கைப் போடுங்கள். ஒரு பிள்ளை, போவதை மறைக்காத சாதாரண ஹெச்டிடிபி பக்கத்தில் பாஸ்வேர்ட் அடிக்கட்டும், அதே கணினியில் பக்கத்தில் இருப்பவர் அது எழுத்துக்கு எழுத்து அப்படியே தெரிவதைப் பார்க்கட்டும். ஹெச்டிடிபிஎஸ் எதற்கு என்று அதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, காப்புப் பிரதிப் பயிற்சி. 2023 ஆகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச கணினிச் சேவை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன, சுமார் 5,000 கணக்குகள். அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை, மின்னஞ்சல் மென்பொருளும் பழைய பதிப்பு. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோப்புறையைக் கொடுத்துக் காப்புப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கிழமை சொல்லாமல் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, 20 நிமிடத்தில் மீட்கச் சொல்லுங்கள். பாதிக் குழு ஒரே கணினியில்தான் பிரதியையும் வைத்திருக்கும். அழுவார்கள், அடுத்த முறை சரியாகச் செய்வார்கள்.

கேள்வி: வணிகப் பிரிவில் படித்தேன். எனக்கு இடமிருக்கிறதா?

இருக்கிறது தங்கச்சி. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் இருந்து திருடிய பணத்தில் 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தது. அது நின்றதற்குக் காரணம், பெறுநரின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை வங்கியில் ஒருவர் கவனித்துக் கேள்வி கேட்டது. கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் எங்களுக்கு வேண்டும். கணக்காய்வு, இடர் மதிப்பீடு பக்கம் பாருங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுதாக வாசியுங்கள், அந்த அறிவுள்ளவர்களைத் தேடுகிறார்கள்.

கேள்வி: செக்யூரிட்டி பிளஸ் எடுக்கவா, ஓஎஸ்சிபி எடுக்கவா?

இரண்டும் சான்றிதழ்ப் பரீட்சைகள். முதல் வேலைக்குச் செக்யூரிட்டி பிளஸ். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, சித்திக்கு 900இல் 750. ஓஎஸ்சிபி வேறு உலகம். 23 மணி 45 நிமிடத்துக்குள் பரீட்சைக்கென அமைத்த இயந்திரங்களை உடைக்க வேண்டும், முடிந்ததும் அறிக்கை எழுத இன்னும் 24 மணி நேரம். உடைத்தவர்களும் அறிக்கை சரியில்லாமல் தோற்கலாம். டொலரில் கட்டும் பரீட்சை, அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் குறிப்புகள் மூன்றாவது கொப்பி வரை போகட்டும்.

கேள்வி: இங்கிலீஷ் வராது, சிங்களமும் அரைகுறை. கொழும்பு ஒஃபிஸில் சமாளிக்க முடியுமா?

அறிக்கை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது கதை எழுதும் இங்கிலீஷ் இல்லை. கொப்பியில் தமிழில் எழுதும் நான்கு வரியை மாதத்தில் ஒரு நாள் இங்கிலீஷில் மாற்றி எழுதுங்கள். சிங்களம் கூட வேலை செய்பவர்களோடு கதைக்கக் கதைக்க வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. தமிழைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, முகவரி பிழை என்று தமிழில் வரும் பொய் எஸ்எம்எஸ்ஸில் சொல் எங்கே இடறுகிறது என்று நம் ஆட்களுக்குத்தான் உடனே தெரியும்.

கேள்வி: இரவு ஷிஃப்ட் இருக்குமாமே. வீட்டில் விட மாட்டார்கள். (பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு தங்கச்சி)

கண்காணிப்புப் பிரிவில் இருக்கும், 24 மணி நேர வேலை. நான் நான்கு வருடம் செய்தேன். போக்குவரத்து தருவார்களா என்று வேலைக்குச் சேருமுன் எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. எனக்கு அம்மாவைச் சம்மதிக்க வைத்தது, ஒரு நாள் அவரை ஒஃபிஸ் வாசல் வரை கூட்டிப்போய் வான் ஓட்டும் அண்ணாவை அறிமுகப்படுத்தியதுதான். இரவே வேண்டாமென்றால் கணக்காய்வும் கொள்கை வகுக்கும் பிரிவுகளும் பகல் வேலைதான்.

கேள்வி: அக்கா, நான் ஹட்டன். புறக்கோட்டையில் கடையில் நிற்கிறேன். கணினி இல்லை, ஃபோன் மட்டும்தான். நான் கேட்பது பிழையா தெரியாது.

ஒரு பிழையும் இல்லை தம்பி. அண்ட்ரொய்ட் ஃபோன் என்றால் லினக்ஸ் கட்டளைகளை ஃபோனிலேயே அடிக்க உதவும் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போடுங்கள். அதில் ஓபன் எஸ்எஸ்ஹெச்சை நிறுவினால் மேலே சொன்ன பேண்டிட் விளையாட்டுக்குள் ஃபோனில் இருந்தே போகலாம். எழுத்துக்களாக மட்டும் வருவதால் டேட்டா மிகக் கொஞ்சம்தான் செலவாகும். முதல் கட்டத்தின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பேண்டிட்0, போர்ட் எண் 2220. சின்னத் திரையில் தட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கும், ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். கடையில் பில் எழுதும் கொப்பியின் பின்பக்கம் இருந்தாலும் போதும், நான்கு வரி எழுதுங்கள். ஐந்து கட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை வகுப்பில் ஒரு கணினி உங்களுக்காக வைக்கிறேன், கடை மூடிவிட்டு வந்தாலும் சரி.