பொனேரில் முதல் டைவ் எங்கே?

கரீபியன் தீவான பொனேரின் டைவ் வரைபடத்தைப் பார்த்தும் முதல் ஸ்கூபா டைவை (சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவதை) எங்கே தொடங்குவது என்று புரியவில்லை, பத்து டைவ்தான் அனுபவம் என்கிறீர்கள். அப்படியானால் முதல் நாளே ஹில்மா ஹூக்கர் வேண்டாம். 1984இல் மூழ்கிய அந்தச் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மணலில் சாய்ந்து கிடக்கிறது. உங்களிடம் உள்ள 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை.

சால்ட் பியரில் தொடங்குங்கள். உப்பு ஏற்றும் துறையின் தூண்களில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பஞ்சுயிரிகள் அப்பியிருக்கும், நடுவே மீன் கூட்டம் வெயில் கீற்றில் மின்னும். ஆழமும் அதிகமில்லை. துறையில் கப்பல் வந்து நின்றால் மட்டும் இறங்க முடியாது.

குழப்பத்துக்குக் காரணம் அந்த வரைபடம்தான் என்று நினைக்கிறேன். எல்லா இடமும் ஒரே மாதிரிப் புள்ளியாகத் தெரியும். கிழக்குக் கரையில் காற்றும் அலையும் நேராக வந்து மோதும், அதை விட்டுவிடுங்கள். மேற்குக் கரையோரம் சாலையில் மஞ்சள் கற்களில் டைவ் இடங்களின் பெயர் எழுதியிருக்கும்.

இறங்கும் முன் உபகரணம் மாட்டாமல் பத்து நிமிடம் கரையில் நின்று அலையைப் பாருங்கள். கூர்மையான பவளக் கல் மேல் நடந்துதான் இறங்க வேண்டும். அங்கே அலை காலை இழுத்தால் வேறு இடம் போங்கள். அப்புறம் 'ஆயிரம் படி' என்ற டைவ் இடம்: கடலுக்கு இறங்கும் படிகள் உண்மையில் எழுபதுக்கும் குறைவு. சிலிண்டரோடு ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும்!

ஒன்று மட்டும்: கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.