ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர்: எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது?

கேள்வி: என்னோடது ரியர் வீல் டிரைவ், அதாவது இன்ஜின் பின் சக்கரத்தைத் தள்ளற ஸ்போர்ட்ஸ் கார். தினமும் வேலைக்கு அதுலதான் போய்ட்டு வரேன், ரேஸ் டிராக் பக்கமே போனதில்ல. வண்டியோட வந்த டயர் நாலும் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. அதே மாடல் விலை கேட்டா தலை சுத்துது. அதுல பாதி விலைக்கு பேரே கேள்விப்படாத பிராண்ட் ஒண்ணு இருக்கு, கடைக்காரர் "எல்லாம் ஒரே ரப்பர்தான், போடுங்க"ங்கறார். போடலாமா?

பதில்: எல்லாம் ஒரே ரப்பர் இல்லீங்க, அந்தப் பேச்சை மட்டும் நம்பவே நம்பாதீங்க. காஞ்ச ரோட்ல நிதானமா ஓட்டும்போது நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, அதனாலதான் நிறைய பேர் "நல்லாத்தானே இருக்கு"ன்னு நினைச்சுக்கறாங்க. மழையில ரோடு நனைஞ்சிருக்கு, முன்னாடி போற வண்டி சடக்குனு நிக்குது, நீங்க பிரேக்கை ஓங்கி மிதிக்கறீங்க, அப்பதான் தெரியும் எது எதுன்னு. ஈரத்துல பிடிப்பு குடுக்கறது ட்ரெட் (ரோட்டைத் தொடற பட்டன் பகுதி) டிசைன் மட்டும் இல்ல, ரப்பர் கலவைல சேர்க்கற சிலிக்கா மாதிரி விஷயங்களும்தான், அது வெளில இருந்து பாத்தா கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒவ்வொரு டயர்லயும் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான் ஒட்டிக்கிட்டு இருக்குங்கறத ஞாபகம் வச்சுக்குங்க.

அதனால நான் சொல்றது இதுதான். உங்க காசு போக வேண்டிய இடம் ஈர ரோட்டு பிரேக்கிங். டிராக் ஓட்டறவங்களுக்கான காஞ்ச ரோட்டு பிடிப்புக்கு நீங்க பணம் குடுக்கத் தேவையே இல்ல, மிச்சம் பிடிக்கறதா இருந்தா அங்க பிடிங்க.

அதுக்கு நல்ல வழி, பெரிய கம்பெனிகளோட ரெண்டாவது பிராண்ட். ஃபால்கன் ஜப்பான் சுமிடோமோ கம்பெனியோடது, ஜெனரல் டயர் 1987லேந்து கான்டினென்டல் கையில இருக்கு, ஃபயர்ஸ்டோன் 1988லேந்து பிரிட்ஜ்ஸ்டோன் கையில. இது போக ஹான்கூக், கும்ஹோ மாதிரி கொரியா கம்பெனிகளும் ஸ்போர்ட்ஸ் டயர் நல்லாவே செய்யறாங்க. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் அளவுக்கு விலை போகாம இந்த வரிசைல உருப்படியா வாங்கலாம். ஆனா பிராண்டை மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, அதே பிராண்ட்ல சாதாரண குடும்பக் காருக்குன்னு செஞ்ச டயரும் இருக்கும், மாடலைப் பாருங்க. ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தா அதுல ஈரப்பிடிப்புக்கு ஏ லேந்து ஈ வரைக்கும் கிரேடு போட்டிருக்கும், ஏ இல்லன்னா பி, அதுக்குக் கீழ உங்க காருக்கு வேணாம். அமெரிக்க முறைப்படி சைட்வால்ல (டயரோட பக்கச் சுவர்ல) ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருந்தா, 200 பக்கம் இருக்கறது நல்லா ஒட்டும், ஆனா சீக்கிரம் தேஞ்சுடும், 500க்கு மேல போனா நாள்பட உழைக்கும், ஆனா ஸ்போர்ட்ஸ் காருக்கான சுறுசுறுப்பு குறையும். தினசரி ஓட்டத்துக்கு 300லேந்து 400 வாக்குல பாருங்க. அந்த நம்பரை கம்பெனிக்காரங்களே டெஸ்ட் பண்ணி போட்டுக்கறாங்க, அதனால ரெண்டு கம்பெனி நம்பரை ஒப்பிட்டு கறாரா முடிவு பண்ண முடியாது, ஒரு குத்துமதிப்புக்குத்தான்.

சைஸ் விஷயத்துல மட்டும் கடைக்காரர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க. உதாரணமா 225/45 ஆர்17 91டபிள்யூன்னு இருந்தா, அகலம் 225 மில்லிமீட்டர், சைட்வால் உயரம் அந்த அகலத்துல 45 சதவீதம், ரிம் 17 இன்ச், 91ன்னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், டபிள்யூன்னா மணிக்கு 270 கிலோமீட்டர் வரைக்கும். "நான் என்ன 270லயா போகப் போறேன்"னு ஸ்பீடு ரேட்டிங்கைக் குறைச்சு வாங்கறாங்க, அது தப்பு. ரேட்டிங் கம்மியான டயர் பெரும்பாலும் வேற மாதிரி கட்டினது, ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி யோசிச்சுத் திரும்பற மாதிரி இருக்கும். வண்டி கம்பெனி சொன்ன லோடு, ஸ்பீடு ரெண்டுக்கும் கீழ இறங்காதீங்க.

இன்னொரு வழியும் இருக்கு, பலர் இதை யோசிக்கறதில்ல. உங்க காருக்கு 18 இன்ச் ரிம்னா, அதே மாடலோட கம்மி வேரியன்ட் 17 இன்ச்ல வந்திருக்கான்னு பாருங்க. 225/40 ஆர்18க்கும் 225/45 ஆர்17க்கும் மொத்த உயரத்துல 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடாமீட்டர் கூட குழம்பாது. 17 இன்ச் டயர் பொதுவா விலை கம்மி, சைட்வால் கொஞ்சம் உயரமா இருக்கறதால குழியில விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். பெரிய பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற பாகம்) இருந்தா ரிம் இடிக்கும், அதை மட்டும் மாட்டிப் பாத்துட்டு காசு குடுங்க.

கேள்வி: எனக்கு நாலும் இல்ல, பின் டயர் ரெண்டும்தான் தேஞ்சிருக்கு. ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா? புதுசை முன்னாடி போடணுமா பின்னாடியா?

பதில்: ரெண்டு மாத்தலாம், தப்பில்ல, ஆனா ஒரே ஆக்ஸில்ல (முன் ஜோடி இல்ல பின் ஜோடில) ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும். புதுசு எப்பவும் பின்னாடிதான். ஈர ரோட்ல முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்ஸிலேட்டரை விட்டா பெரும்பாலும் சமாளிச்சுடலாம், பின் டயர் வழுக்கினா வண்டி சுத்திடும், அதுலயும் ரியர் வீல் டிரைவ்ல பிடிக்கறது ரொம்பக் கஷ்டம். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற ஆல் வீல் டிரைவ்னா கதை வேற, நாலு டயரும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்துல இருக்கணும், இல்லன்னா சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியல் அடி வாங்கும், அங்க மிச்சம் பிடிக்கப் போனா செலவு பல மடங்காயிடும்.

கேள்வி: பழைய ஸ்டாக்னு நல்ல பிராண்ட் டயரைத் தள்ளுபடில தரேங்கறாங்க. வாங்கலாமா?

பதில்: சைட்வால்ல டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. டயரோட ஒரு பக்கத்துல மட்டும் முழு நம்பர் இருக்கலாம், அதனால திருப்பிப் போட்டுப் பாருங்க. ஒண்ணு ஒண்ணரை வருஷம் நிழல்ல ஒழுங்கா வச்சிருந்த டயர்னா தாராளமா வாங்கலாம். அஞ்சு வருஷம் ஆனதுன்னா எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும் வேணாம், ஓடாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும். பிரிச்சு வித்த செகண்ட் ஹேண்ட் டயரும் வேணாம், உள்ள எங்க பஞ்சர் ஒட்டியிருக்காங்க, எங்க அடிபட்டிருக்குன்னு நமக்குத் தெரியாது.

கேள்வி: வெளில பாத்தா பட்டன் நிறைய இருக்கு, ஆனா கழட்டினப்போ காரைப் பாத்த உள் ஓரத்துல கம்பியே தெரியுது. டயர் மட்டமா?

பதில்: டயர் மேல பழி போடாதீங்க, இது அலைன்மென்ட், அதாவது வீல் நிக்கற கோணத்தோட கோளாறு. ஸ்போர்ட்ஸ் கார்ல வளைவுல பிடிப்புக்காக வீலோட மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ள சாய்ச்சே வச்சிருப்பாங்க, அதோட டோவும் (மேலேந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற கோணம்) தப்பா இருந்தா உள் ஓரத்தைத் தின்னுடும். ட்ரெட் மேல கையை குறுக்கால தடவிப் பாருங்க, ஒரு பக்கமா போறப்ப வழவழன்னு, திரும்பி வரப்ப ரம்பம் மாதிரி விரல்ல இடறினா டோ தப்புன்னு அர்த்தம். கம்பி தெரியற டயர்ல இனிமே ஓட்டாதீங்க, உடனே மாத்துங்க. புது டயர் போட்ட அன்னைக்கே அலைன்மென்ட் பாத்துடுங்க, பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்கி முன் டோ, பின் டோ ரெண்டும் கம்பெனி அளவுக்குள்ள இருக்கான்னு நீங்களே பாருங்க, சில கடைல முன்னாடி மட்டும் பாத்துட்டு அனுப்பிடுவாங்க.